அண்ணாச்சி உட்கார்ந்த நாற்காலி

12.11.96, செவ்வாய்
காலையிலிருந்து மழை. வி.கே.புரத்தில் பஸ் ஏறும்போதே பாதி நனைந்தாயிற்று. வகுப்பு முடிந்ததும், எங்கள் மனநல ஆலோசனைப் படிப்பை நடத்தும் டாக்டரம்மா கூப்பிட்டார். என் இரண்டாம் வருட உதவித்தொகை சந்தேகமாம். தருகிறவர் டவுண் ஜவுளிக்கடை அண்ணாச்சி. "மனசுக்கு வைத்தியம் படிக்குதாகன்னா என்னத்தப் படிக்குதாக? நேர்ல பாக்கணும்" என்றாராம். வெள்ளிக்கிழமை வருகிறார்.

அவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. பஸ் டவுணைக் கடக்கும்போதெல்லாம் அவர் கடைப் பலகையை மனதுக்குள் கும்பிடுவேன். அவர் கைவிட்டால் படிப்பு நின்றது. மில்லில் அப்பாவுக்கு இப்போது பாதி நாள்தான் வேலை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

குடைக்கம்பி மாற்ற. அம்மாவுக்குத் தைலம்.

14.11, வியாழன்
தூறல். கூடப் படிக்கும் ஜெசிந்தாவோடு பயிற்சி. ஒருத்தி நோயாளியாக நடிக்க வேண்டும், மற்றவள் கேட்க வேண்டும். எனக்கோ வாய் சும்மா இருக்காது. அவள் மூச்சு விடுமுன் ஆறுதல் சொல்லிவிட்டேன். "ஏட்டி, என்னைக் கொஞ்சம் அழ விடுட்டி!" என்று கத்தினாள். கடற்கரைக்காரி, அலைக்கு மேல் பேசிப் பழகிய குரல், தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

15.11, வெள்ளி
வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, கையில் அல்வாப் பொட்டலம். ஜெசிந்தா நோயாளி, எதிரே நான். பாதியில் அவள் பேச்சை நிறுத்தினாள். அவளே தொடரட்டும் என்று காத்திருந்தேன். அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை.

"சும்மா உக்காந்திருக்கதுக்கா நான் துட்டு குடுக்கேன்? கோயிலுக்கு ட்யூப் லைட் வாங்கிக் குடுத்தா உபயம்னு என் பேரையாவது எழுதுவாக. இதுல எங்கன எழுத?"

போச்சு என்று நினைத்தேன். டாக்டரம்மா அசரவில்லை. "நீங்களே உக்காந்து பாருங்க அண்ணாச்சி. கற்பனையா எதையாவது சொல்லுங்க."

ஜெசிந்தா எழுந்த மர நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒரு கடைக்காரன்னு வச்சுக்கிடும்மா. ஒத்த மவன். கோவிச்சுக்கிட்டு வீட்ட விட்டுப் போயிட்டான்..."

குரல் நின்றது. ஆறுதல் என் தொண்டை வரை வந்தது. விழுங்கினேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே தொடர்ந்தார். போகப் போக "கடைக்காரன்" போய் "நான்" வந்தது. இதற்கு மேல் இங்கேயும் எழுதமாட்டேன். துண்டால் முகத்தை மூடி அழுதார். டாக்டரம்மா தன் அறைக்குக் கூட்டிப் போனார்.

அல்வாவை யாரும் தொடவில்லை. சாயங்காலம் ஜெசிந்தா தொட்டாள்.

18.11, திங்கள்
வெயில்! உதவித்தொகை உண்டு. ஜெசிந்தாவுக்கும் சேர்த்து, படிப்பு முடியும் வரை. அப்பாவிடம் இனி எதையும் சொல்ல வேண்டியதில்லை. அப்பாடா.

அண்ணாச்சி டாக்டரம்மாவைப் பார்க்க வந்திருந்தார். வாசலில் கும்பிட்டேன். நன்றி சொல்லத்தான் வாயெடுத்தேன். கடைசியில் கேட்டேன்: "பேரு எங்கன எழுதட்டும் அண்ணாச்சி?"

"பேரெல்லாம் வேண்டாம்மா." செருப்பை மாட்டிக்கொண்டே பைய சொன்னார். "அந்த நாக்காலி ரொம்ப உறுத்துது. பஞ்சு வச்சு ஒரு மெத்தை தச்சு அனுப்புதேன். வாரவுக நெடுநேரம் உக்காரணும்லா."