மண்ணூர் வர்ற வரைக்கும்

சசி,

ட்ரெய்னிங்குக்குன்னு கம்பெனி என்னைக் கொரியாவுக்கு அனுப்பிகீது. இன்னிக்கு டவுன் பஸ்ல பக்கத்து சீட்டுப் பொண்ணு தூங்கி என் தோள்ல சாஞ்சிடுச்சு. பயந்துபோய் உலுக்கிட்டேன். அது அலறிடுச்சு. டிரைவர் என்னை நடுவழியில எறக்கி வுட்டுட்டான். இன்னான்னு சொல்றது, பாஷை தெரியாதே. பனியில நடந்தே ரூமுக்கு வந்தேன்.

சிரிக்காதே. நம்ம கம்பெனி பஸ்ல ஷிப்ட் முடிஞ்சு தூங்குறவங்கள ஸ்டாப் வர்றதுக்கு முன்னாடி எழுப்புவோமா? பாவம், தூங்கட்டும்னு வுட்டுடுவோம்.

அன்னிக்கு நைட் ஷிப்ட் முடிஞ்சு காலைல ஒரகடத்துல பஸ் ஏறும்போதே ஒடம்பு ஒரு மாதிரி கீதுன்னு சொன்னே. அப்புறம் என் தோள்ல சாஞ்சே. நம்ம ஸ்டாப் மண்ணூர் வந்து எழுப்பினப்போ உன் கை சில்லுன்னு இருந்துச்சு.

வழியில ரெண்டு ஆஸ்பத்திரி தாண்டி வந்தோம். உன் தூக்கம் கலைஞ்சிடுமோன்னு நான் தோளைக்கூட அசைக்கல.

உன் வூட்டுக்காரன்