குடைத்துணிக் காகம்

இன்று காலை கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தபோது, உறை பிரித்து ஒருமுறைகூடத் தேய்க்காத சவர்க்காரத்தை ஒரு காகம் தூக்கிக்கொண்டு போய்விட்டது. தலையிலிருந்து தண்ணீர் ஒழுக ஒழுக, இடுப்பில் துவாயோடு முருங்கையடி வரை அதன் பின்னால் போனேன். மேல் கொப்பில் சவர்க்காரத்தைக் கௌவியபடி இருந்து, தலையைச் சரித்து என்னைப் பார்த்தது. கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. மச்சான், உடனே நினைவுக்கு வந்தது நீதான். மதிலுக்கு அந்தப் பக்கம் நீ நின்றிருந்தால், "விடு மச்சான், அதுவும் இண்டைக்கு முழுகப்போகுது போலை" என்று சொல்லியிருப்பாய்.

மருதனார்மடத்தில் ஃபிரிட்ஜ் திருத்துகிற கடை போட்டபோதுதான் நீ குருநகரை விட்டு உரும்பிராய்க்கு, எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தாய். வந்த அன்றே நீ கண்ட காட்சி, முற்றத்தில் காகங்களோடு நான் நடத்திக்கொண்டிருந்த யுத்தம். அம்மா பாயில் வடகமும் மோர்மிளகாயும் காயப்போடுவார். காகங்கள் வரும். நான் தடியோடு ஓடுவேன். அவை கூரைக்குப் போய், நான் திரும்பியதும் இறங்கிவரும். வைக்கோலடைத்து என் பழைய சட்டையைப் போட்டு ஒரு வெருளி செய்து நிறுத்தியிருந்தேன். நீ மதிலால் எட்டிப் பார்த்த நேரம், அந்த வெருளியின் தலையில் இருந்துகொண்டு ஒரு காகம் நிதானமாக வடகம் தின்றுகொண்டிருந்தது. உனக்கும் எனக்கும் அதுவரை அறிமுகமே இல்லை. ஆனாலும் நீ சிரித்த சிரிப்பில் வெட்கம் என்பதே கிடையாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீயே களத்தில் இறங்கினாய். பழைய குடையின் கறுப்புத் துணியைக் கிழித்து, பஞ்சடைத்து, சைக்கிள் ரியூப்பில் காலும் சொண்டும் வைத்து ஒரு செத்த காகம் செய்தாய். அதைத் தூண்டிலுக்குக் கட்டுகிற தங்கூசி நூலில் கோத்து எங்கள் மாமரத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டாய். ஐயோ, அன்றைக்கு எழுந்த சத்தம்! உரும்பிராயின் காகமெல்லாம் திரண்டு வந்து எங்கள் மாமரத்தில் செத்தவீடு நடத்தின. நீ மதிலடியில் கையைக் கட்டிக்கொண்டு, முகத்தைச் சோகமாக வைத்தபடி, வந்தவர்களுக்கெல்லாம் அனுதாபம் சொன்னாய். நான் சிரித்துச் சிரித்துக் கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டேன். பொழுது சாய அவை கலைந்து போயின. பிறகு எங்கள் வளவுப் பக்கம் ஒரு காகமும் தலைகாட்டவில்லை. அம்மா வடகம் போட்டு வைக்கும் தகர ரின்கள் நிரம்பின. உன் வீட்டுக்கும் ஒரு ரின் வந்தது.

நாங்கள் இரண்டு பேரும் வெற்றி வெற்றி என்று திரிந்தோமே தவிர, அப்பாவின் துவசம் வருகிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நீ மாதா கோவிலுக்குப் போகிற வேதக்காரன், உன்னைக் குறைசொல்ல முடியாது. எனக்கு என்ன வந்தது?

ஐயர் கிரியைகளை முடித்துக்கொண்டு போய்விட்டார். அம்மா வாழையிலைத் துண்டில் சோறும் கறியும் வடையும் வைத்து, எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள குட்டை மதிலில் கொண்டுபோய் வைத்தார். அப்பா காகமாக வந்து வாய் வைத்த பிறகுதான் வீட்டில் மற்றவர்களுக்கு இலை விழும். "கா, கா" என்று அம்மா கூப்பிட்டார். மாமரம் சும்மா நின்றது. மறுபடி கூப்பிட்டார். அளவெட்டியிலிருந்து வந்திருந்த மாமா தன் பெரிய குரலால் கூப்பிட்டுப் பார்த்தார். ஒரு மைனா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அணில் ஒன்று வடையை நோக்கி வர, மாமா அதை விரட்டினார். வெயில் ஏறிக்கொண்டே போனது. அம்மா காலையிலிருந்து தண்ணீர்கூட வாயில் வைக்கவில்லை. சீனி வருத்தக்காரி. நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் மயங்கிவிடுவார். கொஞ்சம் கஞ்சியாவது குடியுங்கள் என்று நான் கெஞ்சியதற்கு, "அவர் என்னோடை கோவம். அவர் சாப்பிடாமல் நான் என்னெண்டு சாப்பிடுறது?" என்றார்.

நான் ஓடிப்போய் மாமரத்தில் தொங்கிய உன் குடைத்துணிக் காகத்தை அறுத்து எறிந்தேன். அது இல்லையென்று காகங்களுக்கு யார் போய்ச் சொல்வது?

நீ எங்கள் வீட்டு விருந்தாளியாக, வெள்ளை வேட்டியோடு, அன்றைக்கென்று மீன் தொடாமல் முழுகிவிட்டு வந்திருந்தாய். என்னைத் தனியே இழுத்து, "கலைச்சது நாங்கள். கூட்டிக்கொண்டு வாறதும் நாங்கள்தான்" என்று மட்டும் சொன்னாய். வேட்டியோடு மோட்டார் சைக்கிளில் ஏறிச் சந்தைப் பக்கம் போனாய். கொஞ்ச நேரத்தில் உன் கிணற்றடியிலிருந்து ஒரு மணம் புறப்பட்டது. மாமாவின் மூக்குத்தான் முதலில் பிடித்தது. "ஆரடா அது, துவச வீட்டுக்குப் பக்கத்திலை மீன் வெட்டுறது?" என்றார். நான் வானத்தைப் பார்த்தேன். நீ சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு சட்டி நிறையச் சூடை மீனை வைத்துத் தலை வேறு குடல் வேறாகக் கிள்ளிக்கொண்டிருந்தாய்.

முதலில் ஒன்று வந்து உன் தென்னையில் இருந்தது. பிறகு இரண்டு. பிறகு கூரை கறுத்தது. நீ சட்டியை மூடிவிட்டு எழுந்து, வெறுங்கையை விரித்துக் காகங்களுக்குக் காட்டினாய். ஏமாந்த காகங்கள் அங்குமிங்கும் பார்த்தன. அதில் ஒன்று மதிலுக்குத் தத்தி வந்து, இலையைச் சுற்றி நடந்து, சோற்றில் ஒரு கொத்துக் கொத்தியது. பிறகு வடையைக் கௌவிக்கொண்டு நேரே உன் வீட்டுக் கூரைக்குப் போனது.

அம்மாவுக்கு மீன் மணம் எட்டிவிட்டது என்பது அவருடைய முகத்திலேயே தெரிந்தது. துவச நாளில் இப்படியொரு காரியம் செய்ததற்கு என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் பயந்தேன். நீயும்தான் பயந்தாய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாய். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அவரேதான் தம்பி. உயிரோடை இருக்கேக்கையும் சூடை வாங்கின வீட்டுக்குத்தான் முதல் போவார்."

அன்று நாங்கள் சிரித்த சிரிப்பில் மாமாவும் சேர்ந்துகொண்டார். நீ மறுபடி முழுகிவிட்டு வந்து, எங்களோடு பந்தியில் இருந்து, பாயசத்தை இரண்டு தரம் வாங்கிக் குடித்தாய்.

அதற்குப் பிறகு யுத்தம் ஓய்ந்தது. குருநகரிலிருந்து ஒரு பழைய வலை கொண்டுவந்து வடகப் பாய்க்கு மேலே இழுத்துக் கட்டித் தந்தாய். காலையில் மதிலில் ஒரு பிடி சோறு, பாய்க்கு மேலே வலை, அவ்வளவுதான் ஒப்பந்தம். கொய்யாவில் கிளிக்கூட்டம் வந்து விழுந்தபோதும், பழைய ரேடியோப் பெட்டிக்குள் மைனா கூடு கட்டப் பார்த்தபோதும் நான் தடியைத் தேட, நீ சொல்வது ஒன்றுதான்: "கலைக்காதை மச்சான், மூடி வை." இப்போது தோட்டப் பக்கம் மயில்களும் வரத் தொடங்கிவிட்டன. மற்றவர்கள் வெடி கொளுத்துகிறார்கள். நான் நாற்றுமேடைக்கு வலை போட்டிருக்கிறேன். என்னைப் பைத்தியம் என்கிறார்கள். நீ மயிலைப் பார்க்காமல் போனதுதான் எனக்குக் கவலை. அதற்கும் ஏதாவது ஒரு பெயர் வைத்திருப்பாய்.

போன ஞாயிறு குருநகரில் உன் ஆண்டு நினைவுத் திருப்பலி. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். முழங்காலில் நிற்க முடியாமல் வாங்குப்பலகையில் இருந்தபடியே கும்பிட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் அவருக்கு ஒரே யோசனை. உங்கள் சமயத்தில் காகத்துக்கு வைக்கும் வழக்கமில்லை, உன்னை எங்கே போய்க் கூப்பிடுவது என்று. வீட்டுக்கு வந்ததும் என்னைச் சந்தைக்கு அனுப்பினார். அப்பா போன நாளிலிருந்து மீன்சட்டி தொடாத அம்மா, அன்று சூடை பொரித்தார். சோற்றோடு மதிலில் வைத்தார். கூப்பிடத் தேவைப்படவில்லை. மணத்துக்கே கூட்டம் கூடிவிட்டது. மதிலில் இடமில்லாமல் ஒன்றையொன்று தள்ளின.

அம்மா கண்ணைச் சுருக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். உன்னைக் கண்டுபிடிக்க முடியவில்லை. "உதிலை ஆரடா அவன்?" என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை மச்சான். கண்ணீரும் சிரிப்பும் சேர்ந்து வர, தெரியாது அம்மா என்றேன்.

"அப்ப எல்லாத்துக்கும் வை" என்றார்.

அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் வைக்கிறேன்.