பக்கத்து இருக்கை

அன்புள்ள அம்மா,

கால் வீக்கம் வடிந்ததா? மாத்திரையை நிறுத்தாதே. நான் நன்றாக இருக்கிறேன்.

"ஏன்டி, பிளேன்ல போனா ரெண்டு மணி நேரம். ரயில்ல போயி ஏன் ஒடம்ப கெடுத்துக்கிற?" என்று திட்டினாயே. அப்படியும் பாரிஸிலிருந்து பார்சிலோனாவுக்கு ரயிலில்தான் போனேன். பெட்டியில் கூட்டமே இல்லை. ஆனாலும் பழக்கதோஷம். விழுப்புரம் பஸ்ஸில் அப்பா துண்டு போட்டு இடம் பிடிப்பாரே, அதுபோல, அவர் இறந்தபின் நான் எடுத்துவந்த துண்டைப் பக்கத்து இருக்கையில் போட்டேன். யாருக்காக என்று யோசிக்கவில்லை.

பரிசோதகர் என் டிக்கெட்டை மட்டும் பார்த்தார். பக்கத்து இருக்கையைக் காட்டி, "ஐயா முன்பே காட்டிவிட்டார்" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு நகர்ந்தார். வேறு யாரையோ நினைத்துச் சொல்கிறார் என்று சிரித்துக்கொண்டேன். இறங்கும்போது துண்டை எடுத்தேன். சூடாக இருந்தது. எங்கள் பக்கம் வெயில் இல்லை.

பயப்படாதே அம்மா.

அடுத்த மாதம் ரோமில் வேலை. ஆபீஸில் விமானம் என்றார்கள், ரயிலே போதும் என்றேன். வடகம் கொஞ்சம் அனுப்பு. அப்பாவுக்கு ஜன்னலோரம் பிடிக்குமா? பஸ்ஸில் எப்போதும் என்னையே அங்கே உட்கார வைத்ததால் எனக்குத் தெரியவில்லை. உடனே சொல். இரண்டு டிக்கெட் போட வேண்டும்.

சுடர்விழி