சாக்பீஸைத் தூக்காமல் ஒரு வீடு

வீட்டரசிக்கு,

மானம் போயிற்று, மற்றபடி சௌக்கியம். உன் முட்டிவலி தேவலையா?

ஏழாம் வகுப்பில் ஒரு சதுரம், உள்ளே பெருக்கல் குறி, மேலே கூரை என்று வீடு போட்டேன். "சாக்பீஸைத் தூக்காம, போன கோட்டுல மறுபடி போகாம இதை வரைஞ்சு, ஆரம்பிச்ச புள்ளிக்கே வர்றேன். தோத்தா ஒரு வாரம் வீட்டுப்பாடம் கிடையாது" என்று சவடால் விட்டேன். ஒவ்வொரு தடவையும் கீழ் மூலையில் மாட்டிக்கொண்டேன்.

முன்பெஞ்சு வாயாடி எழுந்தாள். "சார், கீழ் மூலை ரெண்டுலயும் மூணு மூணு கோடு, ஒத்தைப்படை. ஒண்ணுல கிளம்பினா இன்னொண்ணுலதான் முடியும். ரெண்டையும் சேர்த்து அடியில வளைவா ஒரு வழி போடுங்க, வீட்டுக்குத் திரும்பிடலாம்."

போட்டேன், திரும்பிவிட்டேன். கூரை பிய்த்துக்கொள்ளும்படி வகுப்பே கத்தியது. உரக்கக் கத்தியவன் நான்தான்.

உன் பழைய போர்வையை அனுப்பு, துவைக்க வேண்டாம். மணி அடித்துவிட்டது.

உன் வாத்தியார்

பி.கு: வீட்டுப்பாடம் இல்லையென்றால் திருத்துகிற வேலையும் இல்லை. பிள்ளைகளுக்கு இது தெரியாது.