மேல்மாடியைப் பார்க்க வந்தவர்கள்

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். உன் மனைவியும் பிள்ளைகளும் நலம் என்று நம்புகிறேன். நம் மேல்மாடி இன்னும் விற்கவில்லை. தரகர் உனக்குப் போன் செய்து புலம்பியிருப்பார். அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதியை நானே எழுதிவிடுகிறேன்.

முதலில் வந்த இளம் தம்பதிக்குச் சமையலறைச் சுவரின் ஈரத்தைக் காட்டினேன். கேட்டார்கள், காட்டினேன். அதற்கு நீ, "வீடு விக்கிறியா, இல்ல கோர்ட்டுல சாட்சி சொல்றியாக்கா?" என்று போனில் கத்தினாய். அடுத்து வந்தவர்கள், ஜன்னலில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்த பற்களைப் பார்த்து மிரண்டு போனார்கள். மேலே வாடகைக்குக் குடியிருப்பவர் பல்செட் செய்கிறவர் என்று தரகர் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அது என் குற்றமில்லை.

ஆள் இருக்கும் வீட்டுக்கு விலை படியாது, முதலில் அவரைக் காலி செய்யச் சொல் என்கிறாய். எங்கோ படித்திருக்கிறாய், சரியாகவும் இருக்கலாம். ஆனால் காலி வீட்டுக்கு வாடகை வராது. குழாய் ஒழுகினால் கவனிக்க ஆளும் இருக்காது. இதையும் யாராவது எழுதியிருப்பார்கள், தேடிப் பார்.

ஞாயிற்றுக்கிழமை, ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் மனைவியோடு வந்தார். "மேடம், நீங்க தயவுசெஞ்சு கீழேயே இருங்க" என்று தரகர் கெஞ்சினார். இருந்தேன். வீட்டைச் சுற்றிக் காட்டியது பல்செட்காரர். மேலே பேசுவது என் வாசலில் நின்றால் கேட்கும். காற்று எந்தப் பக்கம் வரும், எந்த அறைக்கு மதியத்தில் விளக்கு வேண்டாம் என்று மனிதர் உருகுகிறார். போதாததற்கு, அந்த அம்மாளின் பல்செட் ஆடுவதைக் கண்டு அங்கேயே ராவிச் சரிசெய்தும் கொடுத்துவிட்டார். வாய் நிறையச் சிரித்துக்கொண்டு இறங்கி வந்த அம்மாள், வீடு பிடித்துவிட்டது, சீக்கிரம் காலி செய்து தருவீர்களா என்றார். "தாராளமா!" என்றது மேலேயிருந்து குரல்.

தன்னைத் தெருவில் நிறுத்தப் போகிற வியாபாரத்துக்கு இப்படி உழைக்கும் ஆளை நான் பார்த்ததில்லை. அவர்கள் வாசலுக்கு நடந்ததும், படியேறிப் போய் ஏன் என்று கேட்டேன். "உங்க வீடாச்சே மேடம். குறை சொல்ல வாய் வரல" என்றார்.

இறங்கி ஓடினேன். ஆம், ஓடினேன். காரில் ஏறப்போன மேலாளரை நிறுத்தி, சுவரில் ஈரம் என்றேன். பூசிக்கலாம் என்றார். மோட்டார் பழசு என்றேன். மாத்திக்கலாம் என்றார். வேறு குறை கைவசம் இல்லை. ஆகவே, கீழ்வீட்டுக்காரி சரியில்லை என்றேன். நாற்காலியை இழுத்தால் சண்டைக்கு வருவாள், சிரித்துப் பேசினால் கதவைத் தட்டுவாள், யாரோடும் ஒத்துப்போக மாட்டாள். "யாருங்க அது?" என்றார் அந்த அம்மாள். நான்தான் என்றேன்.

பல்செட்காரர் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க, தங்கமானவங்க!" என்று கத்தினார். நிமிர்ந்து முறைத்தேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு உள்ளே போனார். கார் கிளம்பிவிட்டது.

தம்பி, உன் பங்கை நீ கேட்பதில் தவறில்லை. ஆனால் இந்த வருடம் வேண்டாம். வாடகையை வேண்டுமானால் கூட்டிக்கொள், நானே போய்ச் சொல்கிறேன். அவரைப் போகச் சொல்லும் வேலையை மட்டும் எனக்குக் கொடுக்காதே. காரணம் கேட்டுப் போனும் செய்யாதே.

எல்லாரும் சுகமாக இருங்கள். இந்தக் கடிதத்தை உன் மனைவியிடம் காட்டாதே. அவள் உன்னைவிடக் கெட்டிக்காரி.

அன்புடன்,
உன் அக்கா