கப்பல் வர்ற வாரத்துல பாப்பாவுக்குக் குளியல்

12 டிசம்பர் 1971, ஞாயிறு. டார்ம்ஸ்டாட், ஜெர்மனி

மழையும் இல்ல, பனியும் இல்ல. ஒரு சொதசொதப்பு. மெட்ராஸ்லேர்ந்து மாமியார் தந்தி: பாகிஸ்தானோட யுத்தம், பிளேன் இல்ல, வர முடியல, குழந்தை பத்திரம். அவங்க வந்து பாப்பாவ ஊருக்குக் கூட்டிட்டுப் போறதா இருந்தது. இப்ப அதுவும் இல்ல. சரி.

ஏரியல் கம்பிய ஜன்னலுக்கு வெளிய இழுத்துக் கட்டினேன். டில்லி ரேடியோ சுமாரா வருது.

எம் பொண்டாட்டி வசந்தி செத்து மூணு மாசம். அழுகை வரல. எங்கயோ ஃப்யூஸ் போயிருக்கு.

13, திங்கள்

லேப். மீட்டர் எல்லாம் சரிபாக்கற வேலை. கை தானா செய்யுது.

பாப்பா வழக்கம்போல கீழ்வீட்டு மார்ஜிகிட்ட. புருஷன் ஹாங்க், இங்க இருக்கற அமெரிக்கப் பட்டாளத்துல சார்ஜென்ட். மார்ஜிக்குப் புள்ள இல்ல. குழந்தையக் கால்ல போட்டுக் குளிப்பாட்ட அவளுக்கு வசந்திதான் சொல்லிக்குடுத்தா. தரைல உக்காந்து, ரெண்டு காலையும் நீட்டி, எண்ணெய் தேச்சு, மூக்க நீவி விட்டு. கடைசில ஒரு கை தண்ணிய பாப்பா தலையச் சுத்தி ஊத்துவா வ. "ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, நாய்க் கண்ணு, நரிக் கண்ணு." அப்புறம் மார்ஜிய ஓரமாப் பாத்து, "அமெரிக்காக் கண்ணு!" ரெண்டு பேரும் சிரிக்கறது மாடி வரைக்கும் கேக்கும்.

14, செவ்வாய்

சாயங்காலம் ஜமால் வந்தான். நாகப்பட்டினத்துக்காரன், இங்க கெமிஸ்ட்ரி ஆராய்ச்சி. ஓவர்கோட்டக்கூடக் கழட்டல.

"டேய், அமெரிக்க பிரசிடென்ட் வங்காள விரிகுடாவுக்குக் கப்பல் அனுப்பிட்டாராம்டா. பிளேன் எறங்கற கப்பல். எங்கம்மா வாசல்ல நின்னா கடல் தெரியும்."

"நம்மள சுட மாட்டாங்க."

"ஆமா, இவரு பெரிய தளபதி, சொல்லிட்டாரு! சீனாவுக்குப் போக அவங்களுக்கு வழி போட்டுக் குடுத்தது பாகிஸ்தான். அந்த நன்றிக்குத்தான் கப்பல். நீ என்னடான்னா புள்ளைய சார்ஜென்ட் பொண்டாட்டி மடில போட்டுட்டு வர்ற. வெக்கமா இல்ல?"

கீழ போய் பாப்பாவத் தூக்கிட்டேன். "நாளைலேர்ந்து நானே பாத்துக்கறேன்." மார்ஜி பால் புட்டியக் கழுவிக் கைல குடுத்தா. ஹாங்க் மட்டும், "எங்களக் கேட்டு அனுப்பலப்பா அந்தக் கப்பல"ன்னான்.

இதே பிரசிடென்ட்தான் ஜூலைல, சீனாவுக்குப் போறேன்னு சொன்னார். பாப்பா அப்பத்தான் பொறந்திருந்தா. கீழ்வீட்டு ரேடியோல நாலு பேரும் கேட்டோம். வ.: "பரவால்லங்க, எல்லாரும் பேசிக்கறாங்க. நம்ம பாப்பா காலத்துல சண்டையே இருக்காது."

கல்யாணமான புதுசுல வ. மெரினால உக்காந்துக்கிட்டு தூரத்துக் கப்பல் விளக்கக் காட்டி, "அது எங்கங்க போகுது?"ம்பா. தெரியாமலே "சிங்கப்பூர்"ம்பேன். ஒவ்வொரு தடவையும் நம்புவா.

15, புதன்

லேப்புக்கு லீவு. பால் பவுடர் வாங்கணும். பாப்பா துணி ஊற வைக்கணும். குளியல்.

குளியல்தான் தகராறு. காலை நீட்டிக்கிட்டு உக்காந்தேன். எண்ணெய்ல வழுக்கறா. சோப்பு கண்ணுல போயிடுச்சு. வீல்னு ஒரே கத்தல். பக்கத்து ரூம்ல ரேடியோ, கப்பல் விரிகுடாவுக்குள்ள வந்தாச்சுன்னு.

துண்டுல சுத்திக்கிட்டு கீழ ஓடினேன். ஒரு தட்டுதான், கதவு தொறந்துடுச்சு. மார்ஜி பாத்ரூம் தரைல உக்காந்து காலை நீட்டினா. கண்ணத் தொடச்சா, மூக்க நீவினா. பாப்பா கப்சிப்.

கடைசில தண்ணி சுத்தினா. ஊர், உறவு, நாய், நரி, எல்லாம் தப்புத் தப்பா. நிறுத்திட்டு என்னைப் பாத்தா.

"அமெரிக்காக் கண்ணு."

சிரிக்கல.

"அர்த்தம் தெரியுமா?"ன்னேன்.

"வசந்தி சொல்லியிருக்கா. அத மட்டும் விட்டுடாதேன்னா."

என் சட்டையெல்லாம் ஈரம். மூக்கு ஒழுகுது. பாப்பாவுக்கு இல்ல, எனக்கு.