இல்லாத ஜுரம்

ஸ்ரீரங்கம், 12-8-1936, புதன்

இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இன்றைய சுதந்திரக் கூட்டம் நடந்தால் காலேஜ் மானியத்தை நிறுத்துவதாகக் கலெக்டர் மிரட்ட, பிரின்சிபால் அதை ரத்து செய்தார். பேச வேண்டியவருக்கு ஜுரம் என்று மாணவர்களிடம் சொல்ல என்னை அனுப்பினார். எனக்கு வர வேண்டிய பதவியை மைத்துனனுக்குக் கொடுத்தவருக்கு, பொய் சொல்ல மட்டும் நான் வேண்டும். சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து அந்தப் பேச்சாளரே எழுந்தார்.

"ஜுரமா? தொட்டுப் பாருங்க சார்!"

ஹாலே சிரித்தது. குறிப்பெடுக்க வந்திருந்த சி.ஐ.டி.காரன் மட்டும் சிரிக்காமல் என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டான்.

"நான் அப்படிச் சொல்லச் சொல்லலையே" என்று பிரின்சிபால் நழுவிவிட்டார்.

வேலை போய்விடுமோ என்று பயம்தான். இருந்தாலும் நடந்ததைப் பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். கவரில் ஸ்ரீரங்கம் தபால் முத்திரை விழுந்தால் நான்தான் என்று தெரிந்துவிடும். காலையில் ஆற்றைத் தாண்டிப் போய்த் தென்னூரில் தபாலில் போடுகிறேன். கையெழுத்து இல்லாமல்.